கால் கழட்டியிருந்த மாதங்கள்

"என்ன இது, போன மாதத்தை விட நிறை குறைஞ்சு போச்சு! வீட்டில சாப்பிடுறேல்லையோ?" எண்டு மிஸ் ஏசினா. மிஸ் எண்டது எங்கட பகுதியில கர்ப்பிணியளைப் பாக்கிற மருத்துவமாது. வட்டக்கச்சியில நாங்கள் எல்லாரும் அவாவை அப்பிடித்தான் கூப்பிடுறது.

எனக்கு விசர் வந்திட்டுது. இடுப்பு நாரி நோக, ஒற்றைக் காலில, ஊன்றுகோலைப் பிடிச்சுக்கொண்டு அந்த நிறை பாக்கிற மெசினில ஏறி நிண்டதே பெரும்பாடு. "மிஸ், போன முறை நான் காலோட ஏறினனான். இந்த முறை கால் வீட்டில கிடக்கு" எண்டன்.

வாங்கில வரிசையா இருந்த கர்ப்பிணிப் பெண்டுகள் எல்லாம் கொல்லெண்டு சிரிச்சினம். மிஸ்ஸும் தலையில கை வைச்சுக்கொண்டு சிரிச்சா. நானும் சேந்து சிரிச்சன். சிரிச்சது வாய் மட்டும்தான்.

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. சின்னனில, சண்டைக் காலத்தில, செல்லடியில போனது. அதுக்குப் பிறகு பொய்க்கால்தான். எங்கட பக்கத்தில இது ஒரு புதினமுமில்லை. ஆனால் பொய்க்கால் போடுறவளுக்கு உடம்பு வைக்கக் கூடாது. ரெண்டு நாள் வாய்க்கு ருசியாச் சாப்பிட்டாலே மிச்சக் கால் அதுக்குள்ள இறுகிக் கடிக்கத் தொடங்கும். அதால குமரா இருந்த காலம் முழுக்க என்ர உடம்பை நான் கட்டி வைச்சிருந்தனான். மெல்லிய ஆள், நிமிந்த நடை, பாவாடை கரண்டைக்காலுக்கு மேல ஏறாது. தெரியாதவை கண்டால் கால் இல்லையெண்டே சொல்ல மாட்டினம். அதில எனக்குக் கொஞ்சம் பெருமையும் நடப்பும் இருந்தது, இல்லையெண்டு சொல்ல மாட்டன்.

வயிறு வெளியில தெரியத் தொடங்க அந்த நடப்பெல்லாம் போச்சு. கன்னம் உப்பி, கழுத்துக் கறுத்து, துடை ரெண்டும் உரஞ்சிப் புண்ணாப் போய், ஒரு சட்டையும் ஏறாது. மிச்சக் காலும் வீங்கிப் பொய்க்காலுக்குள்ள போக மாட்டன் எண்டிட்டுது. அலுமாரிக் கண்ணாடியைப் பாத்தால் ஒரு பூசணிக்காய் ஒற்றைக் காலில நிக்கிற மாதிரிக் கிடந்தது.

இனி என்ர மனுசனைப் பற்றிச் சொல்லோணும். வயல் செய்யிற கமக்காரன். எனக்குக் கால் இல்லையெண்டு தெரிஞ்சுதான் கட்டினவர். ஆனால் தெரியிறது வேற, பாக்கிறது வேற. அந்தக் காலை நான் அவருக்குக் காட்டினதே இல்லை. லைற் நூத்து இருட்டான பிறகுதான் கழட்டுவன். கழட்டின கையோட போர்வையை இழுத்து மூடுவன். அவற்ற கை முழங்காலுக்குக் கீழ போனால் தள்ளி விடுவன். கொஞ்ச நாளில அவர் அந்தப் பக்கம் போறதையே விட்டிட்டார். ஒருக்காச் சொன்னால் கேக்கிற மனுசன். அப்பிடியொருத்தர் வாய்ச்சாலும் கரைச்சல்தான்.

பொய்க்கால் ஏறாமல் போக, பட்டப்பகலில மிச்சக் காலோட வீட்டுக்குள்ள திரிய வேண்டி வந்திட்டுது. அந்த நாளில இருந்து அந்தாள் என்னைப் பாக்கிறதை விட்டிட்டார். நான் சமைக்கிற குசினிக்குள்ள வாறதெண்டால் செருமிப்போட்டு வருவார். சாப்பிடேக்க சோத்துக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கார். பிறகு, "உமக்கு இடைஞ்சலாக் கிடக்கும்" எண்டு சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போயிட்டார்.

எனக்கு விளங்கினது ஒண்டுதான். ஒரு நாளும் காணாததைக் கண்டிட்டார், அருவருத்துப் போனார்.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், நான் அவருக்காக அப்பிடி ஏங்கின காலம் வேறயில்லை. பின்னேரம் கிணத்தடியில அவர் குளிக்கிற சத்தம் கேட்டாலே மனம் அங்க போயிடும். ஈரத் தலையோட, சவர்க்கார வாசத்தோட என்னைக் கடந்து போவார். ஒருக்கா நிண்டு என்ர தலையைத் தடவினால் என்ன குறைஞ்சா போகும்? பாரமான நெஞ்சு, பாரமான வயிறு, உடம்பு முழுக்க அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு இதென்னடி நினைப்பு எண்டு என்னை நானே ஏசினன். ஏசியும் போகேல்லை.

அதைத்தான் அந்த நிறை பாத்த நாள் கிளினிக்கில, எல்லாரும் போகும் மட்டும் இருந்து மிஸ்ஸிட்டக் கேட்டன். எப்பிடிக் கேட்டன் எண்டு இப்பவும் தெரியாது. கண்ணை நிலத்தில வைச்சுக்கொண்டு, "மிஸ், இந்த நேரத்தில… நாங்கள் ஒண்டா இருக்கலாமோ?" எண்டன்.

அவா சிரிக்கேல்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டா. "உமக்கு ரத்தம் படேல்லை, தண்ணி உடையேல்லை, நச்சுக்கொடியும் நல்ல இடத்தில கிடக்கெண்டு ஸ்கானில சொன்னவை. பிறசரும் நல்லாக் கிடக்கு. பிறகென்ன? வயித்தில பாரம் வராமல் சரிஞ்சு படுத்தால் போதும். பிள்ளைக்கு ஒண்டும் நடவாது. ரத்தம் கண்டால், வயித்துநோ விடாமல் இருந்தால் மட்டும் உடன ஓடி வாரும். சில பேருக்கு ஆசை கூடும், சில பேருக்குக் குறையும். ரெண்டும் வழமைதான்" எண்டா. எழும்பேக்க, "நிறை கூடுறதெண்டு கவலைப்படாதையும். கூடத்தான் வேணும்" எண்டும் சொன்னா.

வீட்டை வந்து அவரிட்டச் சொல்லத்தான் நினைச்சன். வாய் வரேல்லை. அவர் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். அவ்வளவுதான், எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, என்ர காலைப் பாக்க அருவருப்பெண்டால் வாயைத் துறந்து சொல்லுங்கோ. இப்பிடி முகத்தைத் திருப்பாதேங்கோ!"

மனுசன் பேந்தப் பேந்த முழிச்சார். "ஆர் சொன்னது? நீர்தானே ஒரு நாளும் பாக்க விடாதனீர். உமக்குக் கூச்சமா இருக்கும் எண்டுதான் நான்…"

"அப்ப விறாந்தையில படுக்கிறது?"

"கிட்டப் படுத்தால் என்ர கை சும்மா கிடக்காது" எண்டார், மெதுவா. "பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயம்."

அட கடவுளே! இவ்வளவு நாளும் ஒரு சுவருக்கு அங்கால ஒண்டு, இஞ்சால ஒண்டு. மிஸ் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஒப்புவிச்சன். தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டார். பிறகு நிலத்தில குந்தி இருந்து, "தொடலாமோ?" எண்டார்.

மண்வெட்டி பிடிச்ச சொரசொரத்த கை. தையல் போட்ட இடம், எலும்பு முட்டுற இடம், எல்லாத்தையும் அவசரப்படாமல் தடவினார். டொக்டர்மார் தொட்டிருக்கினம், கால் அளவெடுக்கிறவை தொட்டிருக்கினம். ஆசையோட அந்த இடத்தை ஒருத்தரும் தொட்டதில்லை. நான் விக்கி விக்கி அழுதன்.

பிள்ளை பிறக்கும் மட்டும் பாய் விறாந்தைக்குப் போகேல்லை. அந்த உடம்போட, அந்த வீங்கின காலோட, நான் அவருக்குப் பக்கத்தில மூடாமல் கிடந்தன். அவ்வளவு வடிவா நான் என்னை நினைச்சது முன்னுமில்லை, பின்னுமில்லை.

இப்ப பிள்ளை தவழுது. உடம்பு வத்தி, புதுப் பொய்க்காலும் அளவாப் பொருந்திட்டுது. காணிற ஆக்கள் எல்லாம், "பழையபடி வந்திட்டாய்" எண்டு சந்தோசப்படுகினம். எனக்கெண்டால் அந்த உப்பின உடம்பைத்தான் மனம் தேடுது. விடிஞ்சதும் பொய்க்காலை மாட்டினால் பிள்ளை, அடுப்பு, தண்ணி எண்டு பொழுது போயிடும். அவரும் வயலே கதியெண்டு கிடக்கிறார். கால் பொருந்தினதோட, என்னைத் தொட்டுத் தடவுற தன்ர பங்கு முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டார் போல.

நேற்றுப் பின்னேரம் பிள்ளை ஏணைக்குள்ள நித்திரை. வெளிச்சம் இருக்கேக்கையே நான் காலைக் கழட்டிச் சுவரோட சாத்திப்போட்டுக் கட்டிலில இருந்தன். வயலால வந்த மனுசன் வாசலிலயே நிண்டிட்டார். "என்ன, நோகுதோ? ஓட்டோக்குச் சொல்லட்டோ?"

"ஒண்டும் நோகேல்லை" எண்டன். "ஆசையாக் கிடக்கு."

தன்ர கையை விரிச்சுப் பாத்தார். பிறகு, "கையெல்லாம் மண், கழுவிப்போட்டு வாறன்" எண்டு திரும்பினார்.

"கழுவாமலே வாங்கோ" எண்டன்.