ஒரு கட்டம், இரண்டு டெலிவரி

'ஒரு கடிதத்தில் ஒரு பொருள் பற்றி மட்டுமே எழுத வேண்டும். இரண்டு பொருள் இருந்தால் இரண்டு கடிதம்.'

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட அலுவலக நடைமுறை இது. கள்ளக்குறிச்சியிலும் திருக்கோவிலூரிலும் நாற்காலி தேய்த்த இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட மீறாத விதியும் இதுதான். மற்ற விதிகளைப் பற்றி இப்போது எதற்கு...

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் என்னை மீற வைக்கும் என்று யார் கண்டது?

கல்வராயன் மலையில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய ஒரு மொபைல் ஆப். ஒரு தன்னார்வக் குழு செய்தது. நர்ஸ் ஆங்கிலத்தில் பட்டனை அழுத்துவார். குடும்பத்துக்குத் தமிழில் மெசேஜ் போகும். அந்தத் தமிழை எழுத ஆள் தேடினார்கள். நான் அகப்பட்டேன்.

ஸ்ப்ரெட்ஷீட் வந்தது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் காலிக் கட்டம். நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. 'டெலிவர்டு' என்று ஒரு வரிசை. கர்ப்பிணிகளுக்கான ஆப் — வேறென்ன? 'பிரசவம் ஆகிவிட்டது' என்று அடித்தேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அதுதான் தப்பு.

ஒரு நாள் மலையிலிருந்து மீட்டிங்குக்காக இறங்கிய நர்ஸ் ஜெயந்தி நேராக என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க?"

நடந்தது இது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் வெண்ணிலா என்ற பெண்ணுக்கு ஏழாவது மாதம். ஜெயந்தி அவளுக்குச் சத்து டானிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கான பட்டனை அழுத்தியிருக்கிறார். அதுவும் 'டெலிவர்டு'தான். குடகில் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் அவள் கணவன் லட்சுமணனுக்கு மெசேஜ் போனது: 'வெண்ணிலா — பிரசவம் ஆகிவிட்டது.'

எஸ்டேட் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, மூன்று பஸ் மாறி, கையில் குழந்தைத் துண்டோடு மலையேறியிருக்கிறான் மனுஷன். வெண்ணிலா வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"கொழந்த எங்க?"

"இன்னாய்யா கேக்கற? இங்கதான்." வயிற்றைக் காட்டினாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயந்திக்கு வரவில்லை.

"சிரிக்காதீங்க சார். 'எம் நம்பர எடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டு போய்ட்டாரு. அவரப் பாத்து இன்னும் நாலு வூட்டுல நம்பர் வாணாம்னு சொல்லிகினு இருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு ரத்தம் கம்மி. தேதிக்கு மொதல்லயே கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போவணும். வூட்டுக்காரர் சொல்லாம அது மலைய வுட்டு எறங்காது. நான் யாருக்கு மெசேஜ் அனுப்பறது?"

சிரிப்பு நின்றது.

குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு போன் போட்டேன். சென்னைக்காரர், மரியாதைக்காரர். ஃபைலில் முதலில் இரண்டு 'டெலிவர்டு' இருந்தனவாம். ஒரே மாதிரி இருந்ததால் ஒன்றை நீக்கிவிட்டு எனக்கு அனுப்பினார்களாம்.

"இங்கிலீஷ்ல ஒரே வேர்டுதானே சார்?"

"இங்கிலீஷ்ல டப்பாவும் டெலிவரி, புள்ளயும் டெலிவரி. எங்க ஊர்ல அப்படி இல்லீங்க."

நானே கூடுதலாக ஒரு வரிசை நுழைத்து அனுப்பிப் பார்த்தேன். ஆப் மொத்த ஃபைலையும் திருப்பியடித்தது. இருக்கிற கட்டத்தில் 'வழங்கப்பட்டது' என்று மாற்றலாமா? அப்புறம் பிள்ளை பெற்றவள் பெயருக்கு எதிரே 'வழங்கப்பட்டது' என்று வரும் — விலையில்லா மிக்ஸி மாதிரி.

சரி, நமக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று உட்கார்ந்தேன். ஃபைலில் தமிழ்க் கட்டங்களுக்கு வலது பக்கம் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன். தலைப்பு: 'இது எந்தத் திரையில் வரும்?' மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தொட்டி அருகே நின்று ஜெயந்தி ஒவ்வொரு திரையாகப் படிக்க, நான் இங்கே நிரப்பினேன். நான்கு நாள் ஆனது.

'லேபர்' என்ற வரிசை வந்தது. நான் எழுதியிருந்தது 'பிரசவ வலி'. அது எங்கெங்கே வருகிறது என்று கேட்டேன்.

"புருஷன் தொழில்லயும் அதான் சார் வருது. கூலி வேலக்காரங்க எல்லாருக்கும், 'தொழில்: பிரசவ வலி'."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே. ஆம்பளைங்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும்னு வுட்டுட்டேன்."

இப்படி ஒரே கட்டத்தில் இரண்டு பொருள் குடியிருந்த வரிசைகள் பதினேழு. அத்தனையையும் பட்டியலிட்டு, பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு முறையாக ஒரு கடிதம். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. 'கர்ப்பிணியின் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது' என்று சிவப்பு எழுத்தில் நினைவூட்டு மூன்று. சர்வீஸில்கூட நான் சிவப்பில் எழுதியதில்லை.

மூன்றாவதற்கு அசைந்தார்கள். பதினேழும் பிரிந்தன. அது மட்டுமா? என் மூன்றாவது பத்தி இப்போது தெலுங்கு, கன்னட ஃபைல்களிலும் இருக்கிறதாம். பணி ஓய்வு நாளன்று போட்ட மாலைக்குக்கூட நான் இவ்வளவு நிமிர்ந்து உட்காரவில்லை. தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜெயந்தி லட்சுமணனிடம் பேசினார். "கடைசியா ஒரு வாட்டி நம்பு தம்பி" என்று கெஞ்சி, நம்பரைத் திரும்பச் சேர்த்தார். அடுத்த டானிக்குக்கு 'சத்து மருந்து வழங்கப்பட்டது' என்று மெசேஜ் போனது. அவன் எஸ்டேட்டை விட்டு அசையவில்லை. நல்ல அறிகுறி!

பிறகு ஒரு சாயங்காலம் அந்த முக்கியமான மெசேஜ்: 'வெண்ணிலாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். உடனே வரவும்.'

இரவு முழுக்க ஒன்றும் வரவில்லை. நம்பினானா, இதுவும் ஏதோ டப்பா என்று போனைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கினானா? தெரியவில்லை. காலையில் ஜெயந்தி எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். லட்சுமணனின் பதில், ஒரே வரி: 'சேலம் தாண்டிட்டேன், அவள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க.'

பதில் பெறப்பட்ட நாள்: ஐப்பசி பதினொன்று, காலை ஐந்து நாற்பது.