போர் வராத ஒரு கதை

அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஒரு நகரம் இருந்தது. கோபுரங்கள், டிராம் வண்டிகள், ஜன்னல்களில் பூச்சாடிகள். பேர்ண் நகரில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் என்னோடு மரக்கறி வெட்டிய போலந்துக்காரர், இடைவேளைகளில் அதை வாசித்துக்கொண்டிருப்பார். எந்த ஊர் என்று கேட்டேன். வார்சோ என்றார். பிறகு, இப்படி ஒரு வார்சோ இல்லை, ஜெர்மன்காரர் இடிக்காமல் விட்டிருந்தால் இருந்திருக்கும் வார்சோ என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மேற்கொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே சொன்னார். அவருடைய நாட்டில் இப்போது இப்படி நிறைய நாவல்கள் வருகின்றனவாம். சரித்திரத்தில் ஒரு நாளை மட்டும் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு என்னென்ன நடந்திருக்கும் என்று எழுதுவார்களாம். இந்த நாவலில் போரே வரவில்லை. "பொய் எண்டு தெரியும். ஆனால் வாசிக்கேக்கை, செத்துப்போன என்ரை பெரியப்பா அந்தத் தெருவாலை நடந்து போறார்." டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், அவர் அரைகுறையாகச் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது.

ஒரு ஞாயிறு அவரை ஓஸ்டர்முண்டிகனில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். எங்கள் நாட்டில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. மனைவி பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்திருந்தாள். உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது. இந்தக் கறி எங்கள் படையிடம் இருந்திருந்தால் போலந்து தோற்றிராது என்றார். சிரித்து முடித்தபின் மனைவியைப் பார்த்து, உங்கள் நாட்டில் போர் வராமல் இருந்திருந்தால் என்று கேட்டார். நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தம்பி இருப்பான். கம்பஸ் முடிச்சு எஞ்சினியராய் வந்திருப்பான். நான் அப்பாவின்ரை பள்ளிக்கூடத்திலையே படிப்பிச்சிருப்பன். பின்னேரத்திலை அவன்ரை பிள்ளையள் வந்து என்ரை சீலையைப் பிடிச்சு இழுக்குங்கள்."

ஷெல் விழுந்து இறந்த தம்பியைப் பற்றி அவள் அவ்வளவு நேரம் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தக் கதையில் நான் எப்போது வருவேன் என்று காத்திருந்தேன். வரவில்லை. எப்படி வருவேன்? அவள் தலைமை ஆசிரியரின் மகள். நான் பிறருடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவன். போர் எங்கள் இருவரையும் இந்த நாட்டில் ஓர் அகதி முகாமில் ஒன்றாகக் கொண்டுவந்து போட்டிராவிட்டால், அவள் வீட்டுப் படலையைக்கூட நான் தாண்டியிருக்க மாட்டேன்.

போலந்துக்காரர் என் வாயைப் பார்த்தபடி இருந்தார். தம்பியைச் சொன்னேன், பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன். பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டப் போன இடத்தில் நான் இவளைக் கண்டேன் என்றும் சொன்னேன். அவர் மேசையில் தட்டி, "நல்ல நாவல்!" என்று பியர்க் கிளாஸைத் தூக்கினார். மனைவி சிரிக்கவில்லை.

அவர் போனபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள். "மதில் கட்ட வந்தனீங்களோ?"

அவளுக்கு அவ்வளவு டொச் விளங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "சும்மா... அந்தாள் சந்தோசப்படட்டும் எண்டு..."

"அந்தக் கதையிலை என்ரை தம்பி உயிரோடை இருந்தவன். கொஞ்ச நேரம் அவனை மட்டும் பாத்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ளையும் நீங்கள் வரவேணுமோ?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

போலந்துக்காரர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். எங்கள் போர் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பியின் நினைவு நாளில் அவள் விளக்கேற்றும்போது நான் பின்னால் நிற்பேன். அந்த நாவல்காரர்களைப் போல ஒரு நாளை மாற்ற என்னால் முடியுமானால், போர் தொடங்கிய நாளை மாற்றுவேனா? மாற்றினால் அவளுக்குத் தம்பி கிடைப்பான். எனக்கு அவள் இல்லை. மாற்றுவேன் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்வதற்குமுன் கொஞ்சம் தயங்கிவிடுகிறேன். அவள் விளக்கிலிருந்து திரும்பும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.