அண்ணி மணல் போட்ட தொட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறக்கக் கூடாது. வெயில் பட்டால் மீன் தொட்டியில் பாசி பிடித்துவிடும் என்று என் அண்ணன் அதன் மேல் கனமான திரையைப் போட்டு, திரைக்கு முன்னால் தொட்டியையும் நிறுத்திவிட்டான். நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கிறவள். வெளியில் மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் எழுந்து மாடிப்படி வரைக்கும் போய் எட்டிப் பார்க்க வேண்டும். மீன்களுக்கு மட்டும் அருமையான விளக்கு.

சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, அண்ணியைப் பற்றி.

அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாம் ரத்தத்தோடு அங்கேதான் வந்து இறங்கும். அவற்றைக் கழுவி, தேய்த்து, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளி, ஒரு கிருமிகூட இல்லாமல் ஆக்கி மேலே அனுப்ப வேண்டும். அந்த அறைக்கும் ஜன்னல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. அங்கே எல்லோரும் அவளைச் சுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலி பாதி, மரியாதை பாதி. வீட்டிலும் அதே கைதான். நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரை, நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எடுத்து இன்னொரு முறை கழுவுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். புகுந்த வீடு சரிப்படாமல் திரும்பி வந்த எனக்கு இந்த வீட்டில் ஆதரவாக ஒரு வார்த்தை பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

அண்ணன் சரக்கு ரயில் ஓட்டுகிறான். எப்போது போவான், எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வந்தால் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிடுவான். பெருமைக்கு மீன் வளர்ப்பது அவன், கழுவிக் கொட்டுவது அண்ணி. அடியில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு இடையில் மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாரம் தவறாமல் குழாயை விட்டு அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் நாற்றம் கூடத்தைத் தூக்கும்.

அதனால் அண்ணி ஊருக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று. போகாதே என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லை அவன். "போயேன், மீனை யாரு பாத்துக்கிறதுன்னு மட்டும் சொல்லு" என்பான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "நீ துணி துவைச்சாலே சாயம் போகுது" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மீன் தொட்டிக்குள், நீங்கள் வீட்டுக்குள், எல்லாம் ஒன்றுதான் என்று நான் அண்ணியைச் சீண்டினேன்.

"மீனுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வருது பாப்பா" என்றாள். நாற்பதைத் தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற வீடு இது.

இந்த வருஷம் அண்ணியின் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அவர் இருப்பது ஓர் இரவு ரயிலில் போக வேண்டிய ஊர். அண்ணி ஒரே பெண். "ஊரு உலகத்துக்கெல்லாம் கத்தி கழுவிக் குடுக்கிற. எனக்குப் பக்கத்துல பத்து நாள் வந்து உக்காரக் கூடாதா?" என்று அம்மா போனில் கேட்டார். அண்ணி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மணல் பேச்சு வந்தது. தொட்டியின் அடியில் மேயும் மீசை மீன்கள் நாலைந்து உண்டு. கல்லில் உரசி உரசி அவற்றின் மீசை தேய்ந்துபோயிருந்தது. கல்லை எடுத்துவிட்டு மணல் போடச் சொல்லி வண்ண மீன் கடைக்காரர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். மணலில் கழிவு உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும், ஃபில்டர் இழுத்துக்கொள்ளும், அடிக்கடி கை வைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னாராம். அண்ணன் இதைச் சாப்பாட்டுக்கு நடுவில் சும்மா சொன்னான். அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"அப்போ மணல் போட்டுட்டா பத்து நாள் தொட வேண்டாம்ல?"

"வேண்டாம்னுதான் சொல்றாங்க."

"தீனி மட்டும் பாப்பா போட்டா போதும்ல?"

அண்ணன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். "சரி. மணலைப் போட்டுட்டுக் கிளம்பு" என்றான்.

அவன் ரயிலுக்குப் போன ஒரு நாளில் அண்ணி லீவு போட்டாள். மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றி, காற்றுக் குழாயைப் போட்டு மூடினோம். கல்லை அள்ள அள்ளக் கறுப்புச் சேறு கிளம்பியது. அண்ணி முகம் சுளித்தாள், கண்ணில் ஒரு வெறியும் வந்தது. கல்லைக் கோணியில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினாள். பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினாள். கண்ணாடியை மூலை மூலையாகத் தேய்த்தாள். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சு வழவழவென்று இருந்தது. அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பிழிந்து, மறுபடியும் போட்டுப் பிழிந்தாள். மணலையும் விடவில்லை. அலசி, கலங்கல் போனதும் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தாள். சமையலறை முழுக்க ஆவி.

"அண்ணி, மீன்தானே இருக்கப்போகுது. யாருக்கும் ஆபரேஷன் பண்ணலையே" என்றேன்.

"எதைத் தொட்டாலும் அழுக்குன்னு நெனச்சுத்தான் ஆரம்பிக்கணும். எங்க வேலையில முதல் பாடம் அது" என்றாள். வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புதுத் தண்ணீர் ஊற்றி, அதில் குளோரினை முறிக்கிற மருந்தை விட்டு, சாயங்காலம் மீன்களைத் திரும்ப விட்டோம். மீசை மீன்கள் மூக்கை மணலில் புதைத்து, வாயில் அள்ளி, செவுள் வழியாக உதிர்த்துக்கொண்டு நகர்ந்தன. சின்னச் சின்ன மணல் புகை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அண்ணி அப்போதே உட்கார்ந்து போனில் ரயில் டிக்கெட் எடுத்தாள். எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்து மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் ஒன்று செத்து மிதந்தது. அண்ணன் வந்த அன்று மூன்று. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்தான். "நீ போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்லல" என்றான்.

அண்ணி கடைக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் முதலில் கேட்டது, பழைய கல்லை என்ன செய்தீர்கள் என்று. அண்ணி சொன்னாள். பஞ்சை? அதையும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கழிவுல விஷம் ஊறும்க்கா. அதைத் தின்னுற கிருமிங்க அந்தக் கல்லுலயும் பஞ்சுலயும்தான் குடியிருந்துச்சு. பஞ்சை அப்படியே விட்டுட்டு, கல்லுல கொஞ்சத்தை ஒரு பையில கட்டித் தொட்டியிலயே போட்டு வச்சிருந்தா, மெதுவா மணலுக்கு மாறியிருக்கும். நீங்க ஒட்டுமொத்தமா கொன்னுட்டீங்க."

"நல்ல கிருமியா?" என்று கேட்டாள் அண்ணி. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள். என்னிடம் விட்டிருந்தால் பஞ்சைப் பார்த்திருக்கவே மாட்டேன், மீன்களும் பிழைத்திருக்கும்.

கிருமிகள் புதிதாக வளர்கிற வரைக்கும் காலையும் மாலையும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு மாதமும் ஆகலாம், மேலும் ஆகலாம் என்றார். தன் தொட்டியில் கிடந்த கறுத்த பஞ்சில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். சுத்தக்கா அந்த அழுக்குப் பஞ்சைக் கவரில் போட்டு, வழியெல்லாம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

டிக்கெட் ரத்தாயிற்று. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா கூட இருந்தாராம். அன்று அண்ணி போனை வைத்துவிட்டு ஃபில்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அழுதாள். அப்புறம் பக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அண்ணன் வழக்கம்போல ரயிலுக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால் ஒருமுறை, வந்து செருப்பைக் கழற்றியதும் ஒருமுறை என்று அண்ணிதான் தண்ணீர் மாற்றினாள். மீன்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒரே ஒரு மீசை மீன் மிஞ்சியது. மனசாரச் சொல்கிறேன், அதுவும் செத்துத் தொலையட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"ஒத்தை மீனுக்காகவா அண்ணி? நான் தண்ணி மாத்துறேன், நீங்க கிளம்புங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்க்கிற அதே பார்வை. "உனக்கு அளவு தெரியாது பாப்பா" என்றாள்.

அப்புறம் அவள் தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து வாங்கிவந்தாள். சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று விளக்கில் தூக்கிப் பார்ப்பாள். வேலை முடிந்து வந்தால் முன்பெல்லாம் என்னோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவாள். இப்போது அந்தக் குழாயோடுதான் பேச்சு. ஃபில்டரைத் திறந்து பஞ்சை மோந்து பார்த்து, மண் வாசனை வந்துவிட்டது, கிருமி பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். என் டம்ளரைத் திருப்பிக் கழுவுவதுகூட நின்றுபோயிற்று. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் சொட்டு மருந்து நிறம் மாறாமல் அப்படியே நின்றது. விஷம் இல்லை. தொட்டி தேறிவிட்டது. அந்த வாரமே அண்ணன் வந்து, யாரும் கேட்காமல், தானாகச் சொன்னான்.

"பத்து நாள் லீவு போட்டிருக்கேன். நான் வீட்டுலதான் இருக்கப்போறேன். நீ போய் அத்தையைப் பாத்துட்டு வா."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. எழுந்து போய் அலமாரி மேலிருந்து அண்ணியின் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். அவன் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் வடிந்துவிட்டது. அண்ணியைக் காணோம். கடைக்குப் போனவள் கொஞ்ச நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினாள். பைக்குள் நாலு புது மீன்.

"இது எதுக்கு?" என்றான் அண்ணன்.

"ஒத்தை மீனோட கழிவு அந்தக் கிருமிங்களுக்குப் பத்தாது. பட்டினி கெடந்து செத்துடும். இவ்வளவு நாள் வளத்திருக்கேன்." பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டாள். "புது மீன் வந்தா மொதல் ரெண்டு மூணு வாரம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும்."

"அதான் நான் இருக்கேனே."

"உங்களுக்குத் தெரியாது" என்றாள், கோபமே இல்லாமல். "லீவுதான் போட்டாச்சே. நீங்க போய் அம்மாவைப் பாத்துட்டு வாங்க."

நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கடைசியில் அவன்தான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"மாப்பிள்ளை வந்து சேந்துட்டாரும்மா" என்றார் அண்ணியின் அம்மா. அவருக்குப் பின்னால் அண்ணனின் இருமல் கேட்டது. "அவ எங்க? அவகிட்டக் குடு."

போனை அண்ணியின் காதருகே கொண்டுபோனேன். அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தன.

"கை ஈரமா இருக்கு பாப்பா" என்றாள். "அப்புறம் பேசுறேன்னு சொல்லு."