பேங்குக்குக் கட்டுப்பட்ட தறி

பேங்குகளை சர்க்கார் எடுத்துக்கொண்ட புதுசு. பவர்லூம் வாங்கக் கடன் தருகிறோம் என்று ஒரு பேங்கு ஆபீசர் திருத்தணியில் எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு தானாகவே வந்தார். அதுவரைக்கும் கடன்காரர்கள் வீடு தேடி வந்தால் திருப்பிக் கேட்கத்தான் வருவார்கள். அதனால் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பாதித் தெரு கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் நைனாதான் பாய் விரித்தார். பிறகு ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்தார்கள். நான் ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

நல்ல மனுஷர் அவர். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அசல், வட்டி, தவணை. இதெல்லாம் எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும் முன்னேயே தெரிந்தவை. கடைசியில் ஹைப்பாதிகேஷன் என்று ஒன்றைச் சொன்னார். யார் வாயிலும் அது நுழையவில்லை.

"அடகுக் கடையில நகைய வெச்சா, நகை அவன் பொட்டிக்குள்ள போயிடும். இது அப்படி இல்லீங்க. தறி உங்க வீட்லியே இருக்கும், நீங்களே ஓட்டலாம். கடன் தீர்ற வரைக்கும் அது மேல பேங்குக்கு உரிமை. மாடு உங்க கொட்டாயில, கயித்து முனை எங்க கையில. அவ்வளவுதான்."

"அப்ப சாணி யாருக்கு சார்?" என்றார் எதிர்வீட்டுச் சித்தப்பா.

ஆபீசரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் கயிறு மறந்துபோனது.

அன்றைக்குச் சாப்பிடும்போது நைனா அம்மாவிடம் சொன்னார்: "அடகு இல்லியாம்மே. சாரே சொல்லிட்டாரு."

"அப்ப இன்னாத்துக்குக் கையெழுத்து?"

"பேங்குன்னா அப்படித்தான். நீ கொழம்ப ஊத்து."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் மனிதர்களுக்கு அடகு என்றால் பொருள் வாசலைத் தாண்ட வேண்டும். பித்தளைக் குண்டான் போகும், அம்மாவின் கம்மல் போகும், மீட்டால் திரும்பி வரும். வாசல் தாண்டாமல் வீட்டிலேயே இருக்கிற பொருள் நம்முடையது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ரெண்டு பவர்லூம் வந்தது. நைனா ஒரு தவணை தவறவில்லை. அடுத்த வருஷம் அக்காவுக்கு அம்மையார்குப்பத்தில் கல்யாணம் கூடியது. எங்கள் சொந்தத்தில் பெண்ணுக்குச் சீரோடு ஒரு தறியும் கொடுப்பார்கள், போகிற இடத்தில் அவள் கை யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்று. கைத்தறிதான் வழக்கம். "பவர்லூம் ஓடற வூட்டுப் பொண்ணுக்குக் கைத்தறியா?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெண்டில் ஒன்றைக் கழற்றி, மஞ்சள் பூசி லாரியில் ஏற்றினார். தறியின் காலில் பேங்குக்காரர்கள் அடித்து வைத்த இங்கிலீஷ் தகரத்துக்கும் சேர்த்தே குங்குமம் வைத்தார்.

சில மாசம் கழித்து ஆபீசர் தறிகளைப் பார்வையிட வந்தார். "இன்னொண்ணு எங்கங்க?"

"பெரிய பொண்ணு வூட்ல ஜம்முனு ஓடிகினு கீது சார்" என்றார் நைனா, பெருமையாக.

ஆபீசர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா கொடுத்த தண்ணீர் கையிலேயே இருந்தது.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேங்க."

"சொன்னீங்க சார். அடகு இல்லன்னு சொன்னீங்க."

"கட்டுப்பட்ட பொருளை பேங்கைக் கேக்காம கைமாத்தக் கூடாதுங்க. நான் மேல எழுதினா கேசாயிடும். ஒண்ணு பாக்கி மொத்தத்தையும் கட்டுங்க. இல்லாட்டி தறியக் கொண்டாந்து இங்கியே நிறுத்துங்க."

"நானு விக்கலியே சார். பொண்ணுக்குத்தானே குடுத்தேன்" என்று நைனா திரும்பத் திரும்பச் சொன்னார். ஆபீசர் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. உடனே மேலே எழுதாமல் அவகாசம் கொடுத்ததே அவர் காட்டிய தயவு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நைனா கேட்காத இடமில்லை. மலைக்கும் ஏறிப் போய் வந்தார். பணம் எங்கும் பெயரவில்லை. ஒருநாள் லாரி பேசிக்கொண்டு அம்மையார்குப்பம் கிளம்பினார். லாரியில் போகும் ஆசையில் நானும் அழுது ஏறிக்கொண்டேன்.

தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. அதை அறுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது. தெருவே கூடி நின்றது. அக்காவின் மாமியார் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஊரான் சொத்துக்குக் குங்குமம் வெச்சி எங்க தலையில கட்டினியா? நல்லா ஏத்து. அப்படியே உம் பொண்ணையும் ஏத்திகினு போ."

நைனா பாவாவைப் பார்த்தார். அக்கா புருஷனை அக்காவும் நானும் அப்படித்தான் கூப்பிடுவோம், எனக்கு முட்டாய் வாங்கித் தருகிறவர். பாவா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு பாவா" என்று அக்கா கேட்டாள். அக்கா உள்ளே போய்த் தன் துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, தானே லாரியில் ஏறினாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. ஆபீசர் வந்து, ரெண்டு தறியும் நிற்பதைப் பார்த்து, சரி என்றார். கடன் கடைசிக் காசு வரைக்கும் அடைந்தது. தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாவா வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அக்கா எங்கள் வீட்டிலேயே தறி ஓட்டி, எங்கள் வீட்டிலேயே நரைத்து, எங்கள் வீட்டிலேயே செத்துப்போனாள்.

ஆனால் அன்றைக்கு லாரியில் அக்காவின் மடியில் உட்கார்ந்து வந்த எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? திருத்தணி வந்ததும் முதல் ஆளாகக் குதித்து இறங்கினேன். "எங்க அக்கா வந்துட்டா! இனிமே இங்கியேதான் இருப்பாளாம்!" என்று தெருக்கோடி வரைக்கும் வீடு வீடாகக் கத்திக்கொண்டே ஓடினேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்து, முதுகில் அடி அடி என்று அடித்தாள். அடித்துவிட்டு, அதே இடத்தில் தெருவிலேயே உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷமான சேதியைச் சொன்னதற்கு எதற்கு அடிக்கிறாள் என்று நான் திகைத்து நின்றேன்.