எட்டுக் குவளைத் தண்ணீர்

2024 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மழை பெய்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கோயில் சமையல் கொட்டகைத் தூணில் நான் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. அந்த நேரத்தில்தான் என் மனைவி சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தாள். மூன்று மணித் தண்ணீருக்கு அவள் பெயருக்கு நேரே நான் சரிக்குறி போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

செண்டாயானுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, ஆள் கணக்கு எழுதும் வேலை பார்த்தவன் நான். முதலில் ரப்பர் பால்மரம், பிறகு செம்பனை, பிறகு பாதி நிலம் வீடமைப்புக்கு விலைபோனது. நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். நாங்கள் பெடாஸ் என்ற ஊருக்குக் குடிவந்தோம். கோயிலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் செம்பனையும் மட்டும் மிஞ்சின. பங்குனியில் பதினோரு நாள் திருவிழா. எங்கெங்கோ சிதறிப்போன தோட்டத்து ஆட்கள் அந்தப் பதினோரு நாளும் வந்து கூடுவார்கள். நாளுக்கு இரண்டு வேளை அன்னதானம். சமையலுக்குத் தலைமை என் மனைவி. வயது அறுபத்தாறு, சர்க்கரை, இரத்த அழுத்தம், இரண்டு முட்டியிலும் வலி. எனக்கு எழுபத்திரண்டு. கோயில் குழுவில் கணக்கு என் பொறுப்பு. அந்த வருடச் செலவுப் பட்டியலில் பதினான்கு இனங்கள் இருந்தன. நான் மூன்றை அடித்தேன்: இரண்டாவது மேளம், வாசல் வளைவு விளக்கு, வாடகைக்குக் கொண்டுவந்து வைக்கும் கழிப்பறை இரண்டு. குழுவில் பதினொரு பேர், பதினொருவரும் ஆண்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒரே உட்காரலில் இவ்வளவு மிச்சம் பிடித்தேனே என்று அன்று வீடு வரும்வரை எனக்குப் பெருமையாக இருந்தது.

திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் மகள் போன் செய்தாள். இந்த வெயிலில் அம்மாவை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள் என்றாள். அனுப்பாமல் இருக்க முடியாது என்றேன். “அப்ப நீங்களே ஒரு ஒழுங்கு வச்சுப் பாத்துக்குங்கப்பா. அம்மா சொன்னா கேக்கமாட்டாங்க” என்றாள்.

ஒழுங்கு வைப்பது எனக்குப் பிடித்த வேலை. நோட்டில் கோடு போட்டேன். ஐந்தரைக்கு எழுந்ததும் இரண்டு குவளைத் தண்ணீர். வெயில் ஏறுவதற்கு முன் அரை மணி நடை. சாப்பிட்ட பிறகே மாத்திரை. கோயிலில் ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து மணிக்கு ஒவ்வொரு குவளை. பகல் பந்தி முடிந்ததும் இருபது நிமிடம் படுக்கை. வீடு திரும்பியதும் எட்டாவது குவளை, பிறகு பத்து நிமிடம் கால்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்திருப்பது. பத்தரைக்கு விளக்கை அணைப்பது. எனக்கு ஒரு வரிசை, அவளுக்கு ஒரு வரிசை.

“இது என்ன, செக்ரோலா?” என்று கேட்டாள். தோட்டத்தில் ஆள் வந்ததையும் வராததையும் குறிக்கும் பேரேட்டுக்கு அந்தப் பெயர். ஆமாம் என்றேன். “அப்ப சம்பளமும் போட்டுருங்க கிராணி ஐயா” என்றாள்.

பகல் படுக்கை விஷயத்தில் முதல் நாளே தகராறு. காய் நறுக்கும்போது காலை நீட்டி உட்கார்ந்ததையே படுக்கையாகப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பாதிக் குறி போட்டேன். ஆனால் தண்ணீரில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. என் மேசை பந்தலில், காற்றாடிக்குக் கீழே. கொட்டகை நாற்பது எட்டு நடக்கும் தூரத்தில். மணி ஆனதும் நான் கையைத் தூக்குவேன். அவள் அகப்பையைத் தூக்கிக் காட்டுவாள். குடித்தாயிற்று என்று அர்த்தம். நான் குறி போடுவேன். கூடச் சமைக்கும் பெண்கள் சிரிப்பார்கள். “எங்களுக்கும் சேத்துப் போடுங்க ஐயா, நாங்க என்ன கள்ளத் தோணியில வந்தவங்களா?” என்று ஒருத்தி ஒருநாள் கத்தினாள். நானும் சிரித்தேன்.

வீடமைப்புப் பகுதி வாசலில் ஒரு மலாய்க்காரர் காவல் இருந்தார். அது நோன்பு மாதம். ஆறாம் நாள் அவர் என்னிடம், உங்கள் பெண்களும் நோன்பா, பகலில் ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லையே என்று மலாயில் கேட்டார். அவ்வளவு தூரத்தில் இருந்து அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அன்று இரவு குழுவில் அதை நகைச்சுவையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மருத்துவமனையில் இளம் டாக்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். பத்து நாளில் எழுபத்தெட்டுக் குவளை, ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் கிள்ளியபடியே நின்றது. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

மறுநாள், கோயிலில் கடைசி நாள் பந்தி நடந்துகொண்டிருந்த நேரத்தில், அவளுக்குப் பேச்சு வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

“குடிச்சா போக வேணாமா?” என்றாள். “லயத்தோட நம்ம கக்கூசும் போச்சு. அந்தக் காவல்காரர் கொட்டாய்க்குத்தான் போகணும். இந்த முட்டிய வச்சுக்கிட்டு, நீங்கள்லாம் உக்காந்திருக்கிற பந்தலைத் தாண்டி, எத்தன தடவ நடக்கிறது? நாங்க எல்லாரும் அப்பிடித்தான். பால்மரம் வெட்டிப் பால் எடுத்தப்பவே பழகுனது. வீடு திரும்புற வரைக்கும் வாய நனைக்கிறதோட சரி.”

“அப்ப அகப்பையைத் தூக்குனது?”

“நீங்க கவலப்படக் கூடாதுன்னு தூக்குனேன்.”

வீட்டில் என் கண் முன்னால் குடித்த காலை இரண்டும் இரவு ஒன்றும் உண்மை. அவை இருபத்தொன்பது. கோயிலில் போட்ட நாற்பத்தொன்பது குறியும் பொய். அவள் சொன்ன பொய் என்று எழுத மனம் வரவில்லை. குறி போட்டது என் கை.

கிராணிகளில் இரண்டு வகை உண்டு. விடியுமுன் ஆட்களை நிறுத்தி நடக்கும் பெரட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் போடுகிறவன் ஒருவன். எல்லாரும் வந்தாச்சு என்று ஆட்களை மேய்க்கும் மண்டோர் கையைத் தூக்கியதும் மொத்தமாகப் போட்டு முடிக்கிறவன் இன்னொருவன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், மழைக்குச் சோம்பி நான் அப்படிப் போட்டு மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து செக்ரோலில் முகம் பார்க்காமல் ஒரு குறியும் போட்டதில்லை. பெண்கள் நிரையில் மரம் வெட்டிய அத்தனை வருடமும் அவர்கள் முகத்தைத் தினமும் பார்த்தவன் நான். எங்கே ஒதுங்குவார்கள் என்ற கேள்வி ஒருநாளும் எனக்கு வந்ததில்லை. ஆண்களுக்குச் செம்பனை மரத்துப் பின்பக்கம் இருந்தது. அதனால் கழிப்பறை எனக்கு வெறும் ஓர் இனமாகத் தெரிந்தது, அடித்தேன்.

அவள் வீடு திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் தனியாகக் கோயிலுக்குப் போனேன். கொட்டகையில் இருந்து காவல் கொட்டாய்வரை நடந்து எண்ணினேன். போக அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. நிழல் இரண்டே இடத்தில். எனக்கே மூச்சு வாங்கியது.

ஏற்கெனவே தளர்ந்திருந்த சிறுநீரகம் அந்தப் பத்து நாளில் இன்னும் கீழே இறங்கிவிட்டது என்றார்கள். இதயமும் சரியில்லை. காலில் நீர் கோத்துக்கொள்கிறது. இனி ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி, அதற்கு மேல் கூடாது. நான்கு குவளை. காபியும் ரசமும் அதற்குள்ளேதான். காலையில் நானே அளந்து ஒரு போத்தலில் ஊற்றி மேசையில் வைக்கிறேன். அவள் குடிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். நோட்டில் இப்போதும் கோடு இருக்கிறது. எட்டுக் கட்டத்தில் நான்கை அடித்துவிட்டேன். நடை, படுக்கை, கால்களைத் தண்ணீரில் வைப்பது எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. வீட்டில் வேறு வேலையே இல்லை.

வெயில் உச்சியில் இருந்த ஒருநாள், மூன்று மணிக்கு, இன்னும் அரைக் குவளை கேட்டாள். முடியாது என்றேன். போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கிக் குடி குடின்னீங்க. இன்னைக்கிக் குடிக்கிறேன்னா விடமாட்டேங்கிறீங்க. ஒங்க கணக்கே எனக்குப் புரியல லா” என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய், ஒன்றும் இல்லாத தொட்டியைக் கழுவினேன்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குக் குழு கூடியபோது, பட்டியலில் கழிப்பறை என்ற இனமே இல்லை. போன வருடம் அடித்தது அடித்ததாகவே இருந்தது. சேர்க்கச் சொன்னேன். “நீங்கதான அண்ணே வேணாம்னீங்க?” என்று தலைவர் கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே ஞாபகத்துக்காகக் கேட்டார். பணம் ஒதுக்கியாகிவிட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று முடித்தார்கள். நான் மறுநாள் தம்பின் பட்டணத்துக்குப் போய் ஓய்வுப் பணத்தில் இருந்து எடுத்து வாடகைக் கடையில் கட்டினேன். இரண்டு கழிப்பறைகளைக் கொட்டகைக்குப் பின்னால், பந்தலில் இருந்து கண்ணுக்குத் தெரியாதபடி வைக்கச் சொன்னேன். கொட்டகையில் இருந்து இருபத்தாறு எட்டு.

முதல் நாள் காலை, அதே கள்ளத் தோணிக்காரி தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எனக்கு முன்னால் நின்று முழுவதும் குடித்தாள்.

“எல்லாரும் வந்தாச்சு ஐயா. ஒரு பேருதான் கொறையுது” என்றாள்.

தெரியும் என்றேன். அவள் வீட்டில் இருந்தாள். போன வருடம் கழிப்பறைக்கு என்று இருந்ததில் நான் அடித்தது எண்ணூற்று எண்பது ரிங்கிட். இந்த வருடம் விலை ஏறியிருந்தது. நான் கட்டியது தொள்ளாயிரத்து அறுபது ரிங்கிட்.