அம்மாவுக்கு ஒரு பச்சைப் பாஸ்

காலரம்மாவைப் பத்திச் சொல்லணும்னா அந்த பில்டிங்கைத் திட்டிட்டுத்தான் ஆரம்பிக்கணும். ஊருக்கு நட்ட நடுவுல வானத்துக்கும் பூமிக்குமா நிக்கும். வெளிய கண்ணாடியெல்லாம் பளபளன்னு இருக்கும், அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும். உள்ளே போனா ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் மூச்சு விட முடியாத சமையலறை. அதுக்கு அவங்க கேக்கற வாடகை நம்மள மாதிரி ஆளுங்க காதுல விழவே கூடாது. ஆனாலும் ஒரு வீடு காலியானா போதும், அடிச்சுப் பிடிச்சு வருவாங்க. சுத்தி எல்லாம் பெரிய பெரிய ஆபீஸ், நடந்தே வேலைக்குப் போயிடலாம், அதான்.

நான் அங்க பதினெட்டாவது மாடியில ஒரு வீட்டுல சமையல் பண்றேன். எதிர் வீட்டுல இருந்தவங்கதான் காலரம்மா. பேர் நான் வெச்சது. வயசு பூரா ஒரு தையல் ஃபேக்டரியில சட்டைக்குக் காலர் மட்டுமே தெச்சவங்க. கடைசியில அந்த லைனுக்கே சூப்பர்வைசர். அவங்க நடந்து வந்தா அத்தனை பொம்பளைங்களும் வாயை மூடிக்கிட்டுக் குனிஞ்சுக்குவாங்களாம். காலர் முனை கொஞ்சம் கோணிச்சுன்னா பீஸைப் பிரிச்சுக் கையில குடுத்துடுவாங்க, மறுபடி தெய்யின்னு. புருஷன் பாதியிலேயே போய்ச் சேர்ந்துட்டாரு. அந்த மெஷினை மிதிச்சு மிதிச்சே ஒத்தைப் பிள்ளையை காலேஜ் வரைக்கும் படிக்க வெச்சாங்க. கண்ணு மங்கினதும் ஃபேக்டரியில போதும்னு அனுப்பிட்டாங்க. குடியிருந்த வீட்டையும் ரோடு போடறதுக்கு இடிச்சாங்க. பிள்ளை வந்து, "என்கூட வந்துடும்மா"ன்னு கூப்பிட்டான். பொய் சொல்லக் கூடாது, அதுவரைக்கும் அவன் நல்ல பிள்ளைதான்.

அவனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும் பக்கத்து ஆபீஸ்லதான் வேலை. இந்த பில்டிங்லதான் இருக்கணும்னு அந்தப் பொண்ணு ஒத்தைக் கால்ல நின்னிருக்கு. அவன் மேலதிகாரியும் இங்கதான் குடியிருக்கார், அது வேற பெருமை. ப்ரோக்கர் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டறப்ப மூணு பேரும் வந்திருக்காங்க. காலரம்மா சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணி எப்படி வருதுன்னு பார்த்துட்டு இருந்தாங்களாம்.

"சார், ஒரு பெட்ரூமுக்கு ரெண்டு பேர்தான்னு அக்ரிமெண்ட். அம்மாவும் இருப்பாங்கன்னா ரெண்டு பெட்ரூம்தான் எடுக்கணும்"னு ப்ரோக்கர் சொல்லியிருக்கான்.

"அது எங்களுக்குக் கட்டாதுங்களே."

"அப்ப ஒரு வழி இருக்கு. வீட்டோட தங்கற வேலையாளுக்குத் தனியா பாஸ் குடுப்பாங்க. அவங்களை ஆள் கணக்குல சேர்க்க மாட்டாங்க." சொல்லிட்டு அந்தப் படுபாவி சிரிச்சானாம். "அம்மான்னா இடமில்லை சார். வேலைக்காரம்மான்னா இடம் இருக்கு."

பிள்ளை திரும்பி அம்மா முகத்தைப் பார்த்திருக்கான். அப்ப அவங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். ஆனா எந்தத் தாய் சொல்லுவா? "அட, பேப்பர்ல என்ன எழுதினா என்னடா, கொஞ்ச நாள்தானே"ன்னு இவங்களே சொல்லிட்டாங்க. "ஒரு வருஷம்தாம்மா. சம்பளம் ஏறினதும் பெரிய வீடு பார்த்துடுவேன். அப்புறம் எல்லார்கிட்டேயும் இதுதான் எங்கம்மான்னு சொல்லி, மெயின் லிஃப்ட்ல உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்"னு அவன் சத்தியம் பண்ணாத குறையா சொன்னான். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அந்த மனுஷி அங்க காலை வெச்சாங்க.

குடியிருக்கறவங்களுக்கு நீலப் பாஸ், எங்களுக்குப் பச்சை. கழுத்துல தொங்கணும். மெயின் லிஃப்ட்ல கண்ணாடியும் பாட்டும் இருக்கும். நாங்க போற சர்வீஸ் லிஃப்ட்ல குப்பை டிரம்மும் நாத்தமும்தான். அதுலதான் நான் அவங்களை முதல்ல பார்த்தேன். பாஸை முந்தானைக்குள்ள மறைச்சு வெச்சிருந்தாங்க. "வெளிய எடுத்துப் போடுங்க, இல்லேன்னா செக்யூரிட்டி குதிப்பான்"னு சொன்னேன். என்னைத் தன் ஃபேக்டரி லைன்ல இருக்கற ஹெல்பரைப் பார்க்கற மாதிரி ஒரு பார்வை பார்த்தாங்க. அம்மாடி, வேலைக்காரிக்கு என்னா மிடுக்குடான்னு அன்னிக்கே எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு.

ரகசியம் எத்தனை நாள் நிக்கும்? ஒரு நாள் காலையில குப்பையை வெளிய வைக்கப் போறேன். எதிர் வீட்டுக் கதவுக்குப் பின்னால, "டேய், சாப்பிடாம போனா காலை ஒடிச்சிடுவேன்டா"ன்னு சத்தம். எந்த ஊர்லயாவது வேலைக்காரி முதலாளியை டேய்னு கூப்பிடுவாளா? சாயங்காலமே சர்வீஸ் லிஃப்ட்ல வெச்சு மடக்கிட்டேன். மொதல்ல பூசி மெழுகினாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கொட்டினாங்க. "வெளிய தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. என் பிள்ளை அவமானப்பட்டுப் போவான். உன் வாயில இருந்து வரவே கூடாது"ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. என் வாயைப் பத்தி இந்த பில்டிங்குக்கே தெரியும். ஆனாலும் அந்த சத்தியத்தைக் காப்பாத்தினேன்.

மத்தவங்க முன்னாடி பிள்ளையை சார்னு கூப்பிடணும், மருமகளை அம்மான்னு கூப்பிடணும். மாமியார் மருமகளை அம்மான்னு கூப்பிடற வீடு உலகத்துலயே அது ஒண்ணுதான். மொதல்ல நானும் அவங்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கதவைச் சாத்தினா அவங்க மறுபடியும் அம்மாதான். மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்க, அந்தப் பொண்ணும் வாய் நிறைய அத்தைன்னு கூப்பிடும்.

அப்புறம் ஆபீஸ் ஆளுங்க அடிக்கடி வர ஆரம்பிச்சாங்க. பெல் அடிச்சா இவங்க தட்டைத் தூக்கிக்கிட்டு சமையலறைக்கு ஓடணும். நாலு தடவை ஓடினதும், "எதுக்குப் பாதியில எழுந்திரிக்கறது, நான் இங்கேயே சாப்பிட்டுக்கறேன்"னு தரையில உட்கார்ந்துட்டாங்க. வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லல. படுக்கையும் ஹால்ல இருந்து வாஷிங் மெஷின் பக்கம் போச்சு. மருமக அத்தைங்கறதை விட்டுட்டு, "இங்க பாருங்க"ன்னு கூப்பிட ஆரம்பிச்சா. ஏன், வாய் குழறிடுமாம், வெளியாள் முன்னாடி மாத்திச் சொல்லிடுவாளாம். நல்லா குழறும்!

ஒரு காலையில நடந்ததை நெனைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியும். நான் சமைக்கற வீட்டு அம்மா, அதான் எங்க வீட்டம்மா, வெளிய கிளம்பறாங்க, நான் பையைத் தூக்கிக்கிட்டு மெயின் லிஃப்ட் வரைக்கும் வரேன். காலரம்மா பிள்ளையும் அவன் பொண்டாட்டியும் அங்க நிக்கறாங்க. பில்டிங் மேனேஜர் வேற இருக்கார். காலரம்மா சாப்பாட்டுப் பையைக் கொண்டு வந்து குடுத்தாங்க. அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கி மேல தூக்கிக்கிட்டு நிக்குது. வயசு பூரா பழகின கை சும்மா இருக்குமா? தானாப் போய் அதை இழுத்து நீவி விட்டுடுச்சு.

எங்க வீட்டம்மா ஒரு மாதிரியா பார்த்தாங்க. வேலைக்காரி வீட்டு ஐயா கழுத்துல கை வைக்கறான்னா வேற எப்படிப் பார்ப்பாங்க? மருமக முகம் செவந்து போச்சு. அவன் படக்குன்னு அந்தக் கையைத் தட்டி விட்டான்.

"கையை எடு! எத்தனை தடவை சொல்றது? உன் இடம் எதுன்னு தெரியாதா?"

"தப்புதான் சார்"னாங்க காலரம்மா.

சாயங்காலம் வந்து மன்னிப்புக் கேப்பான்னு அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. வந்தான். "ஏம்மா அப்படிப் பண்ணே? என்னை அப்படிப் பேச வெச்சிட்டியே"ன்னு அவங்க மேலயே பழியைப் போட்டான். கேட்டுட்டு எனக்கு ரத்தம் கொதிச்சுது. அவங்க என்னடான்னா, "அவன் என்ன பண்ணுவான், பாவம், எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்களே"ன்னாங்க. "நீங்க இப்படியே இருங்க, தலையில மிளகாய் அரைப்பாங்க"ன்னு கத்திட்டு வந்துட்டேன்.

சொன்ன வருஷம் முடிஞ்சுது. சம்பளம் ஏறிச்சு. வீடு மாறல, கார் வந்துச்சு. அக்ரிமெண்டை மறுபடி போட்டாங்க, பச்சைப் பாஸையும் சேர்த்து.

அந்த சமயத்துலதான் எங்க வீட்டம்மாவோட மாமியார் வந்தாங்க, பெரியம்மான்னு நான் கூப்பிடுவேன். வந்த மறுநாளே அவங்க கையில நீலப் பாஸ். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "இங்க ரெண்டு பேர்தானே இருக்கலாம்?"னு எங்க வீட்டம்மாவைக் கேட்டேன். "அதை மாத்தியாச்சே. பெத்தவங்கள்ல ஒருத்தரைக் கூட வெச்சுக்கலாம்னு போன மாசமே எல்லார் ஃபோனுக்கும் மெசேஜ் வந்துச்சே"ன்னாங்க.

அடுப்பை அணைச்சிட்டு ஓடினேன். கேட்டதும் காலரம்மாவுக்கு ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி. "அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. வேலை மும்முரத்துல பார்த்திருக்க மாட்டான்"னு சொல்லிட்டு முகம் கழுவி, நல்ல புடவையா ஒண்ணு எடுத்துக் கட்டிக்கிட்டாங்க, இப்பவே மெயின் லிஃப்ட்ல ஏறப் போற மாதிரி.

மறுநாள் அதே பழைய புடவையில நின்னாங்க. கழுத்துல பச்சைப் பாஸ் அப்படியே தொங்குது.

"அவனுக்குத் தெரியுமாம்"னாங்க. "இப்பப் போய் எங்கம்மான்னு சொன்னா, இத்தனை நாள் வேலைக்காரின்னு சொன்னியேன்னு கேக்க மாட்டாங்களாங்கறான். பெத்தவளை வேலைக்காரியா வெச்சிருந்தான்னு ஆபீஸ் பூரா பேசுவாங்களாம். மருமக அழுதுட்டா. அவன் சொல்றதும் நியாயம்தானே?"

"நியாயமாவது மண்ணாங்கட்டியாவது!" என் குரல் அந்த வராண்டா முழுக்கக் கேட்டிருக்கும். "நீங்க எந்திரிச்சு நேரா மேனேஜர்கிட்ட போங்க."

"போய்? என் பிள்ளையைக் காட்டிக் குடுக்கவா?" கேட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

இதுலயும் ஒரு கொடுமை பாக்கி இருந்துச்சு. பெரியம்மாவுக்குக் கால் குடைச்சல். எனக்கு சமையலே சரியா இருக்கு. எங்க வீட்டம்மா எதிர் வீட்டுல போய், "உங்க ஆளை மத்தியானம் ஒரு மணி நேரம் கால் பிடிச்சு விட அனுப்ப முடியுமா?"ன்னு கேட்டாங்க. மருமக கொஞ்சமும் யோசிக்கல. "தாராளமா, சும்மாத்தானே இருக்காங்க"ன்னுட்டா. அன்னிலேருந்து ஒரு பிள்ளையைப் பெத்தவ சோபாவுல, இன்னொரு பிள்ளையைப் பெத்தவ தரையில. பெரியம்மா கெட்டவங்க இல்ல, வெள்ளந்தி, வாய்தான் கொஞ்சம் நீளம். "உன் கை அழுத்தம் யாருக்கும் வராதுடி. பேசாம எங்க வீட்டோட வந்துடேன்"னு தினமும் சொல்லுவாங்க. காலரம்மா சிரிச்சு மழுப்பிடுவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை. கார் நிறுத்தற இடத்தைப் பத்திப் பேச காலரம்மா பிள்ளை எங்க வீட்டுக்கு வந்தான். வீட்டய்யா குளிச்சிட்டு இருந்தார். "உட்காருங்க தம்பி"ன்னு பெரியம்மா நாற்காலியைக் காட்டினாங்க. அவங்க கால் காலரம்மா மடியில இருக்கு. அவன் பார்க்காத மாதிரி ஃபோனை எடுத்து வெச்சுக்கிட்டான். நான் காபி கொண்டு வந்து குடுத்தேன்.

பெரியம்மாவுக்கு சும்மா இருக்க முடியாதே. "ஏண்டி, உனக்குப் பிள்ளைகுட்டி இருக்கா? நான் கேட்டதே இல்ல பாரு."

"ஒரு பையன்மா."

"என்ன பண்றான்?"

"பெரிய வேலையில இருக்கான்."

"பெரிய வேலையிலயா? அப்படியும் உன்னை இந்த வயசுல வீட்டு வேலைக்கு விட்டிருக்கானா?"

"ஆமாம்மா."

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. அவன் பக்கம் திரும்பினாங்க. "கேட்டீங்களா தம்பி? இவனெல்லாம் ஒரு பிள்ளையா? நீங்களே சொல்லுங்க."

அவன் முகத்துல ஈயாடல. காபியை ஒரு வாய் குடிச்சான். "இருக்காங்கம்மா, அப்படிப்பட்டவங்களும். என்ன பண்றது"ன்னான்.

காலரம்மாவோட கை நின்னுடுச்சு. தலையைத் தூக்கினாங்க. பேசினது பெரியம்மாகிட்ட, பார்த்தது அவனை.

"அம்மா, வீட்டோட வந்துடச் சொன்னீங்களே. வரேன். சார் விட்டா வரேன்."

"நிஜமாவா சொல்றே?" பெரியம்மாவுக்கு சந்தோஷம் தாங்கல. "தம்பி, நீங்க என்ன சொல்றீங்க? இவளை எங்களுக்கு விட்டுக் குடுத்துடறீங்களா?"

சொல்லுடா பாவின்னு மனசுக்குள்ள கத்தறேன். அது எங்கம்மான்னு ஒரு வார்த்தை. அதுக்குத் துப்பில்லேன்னா, முடியாதுன்னாவது சொல்லு. அந்த ஒரு முடியாதை வெச்சுக்கிட்டே அந்தப் பைத்தியக்காரி இன்னும் பத்து வருஷம் வாஷிங் மெஷின் பக்கத்துல படுத்துக் கிடப்பா.

அவன் காபி டம்ளரைக் கீழ வெச்சான். திறந்திருந்த கதவு வழியா தன் வீட்டைப் பார்த்தான். அப்புறம் கணக்குப் போட்டு முடிச்சவன் மாதிரி நிமிர்ந்தான்.

"வெச்சுக்குங்கம்மா. ஒரு பத்து நாள் மட்டும் டைம் குடுங்க. நாங்க வேற ஆள் பார்க்கணும்ல."

"அதுக்கென்ன, நல்லாப் பாருங்க"ன்னாங்க பெரியம்மா.

காலரம்மா மடியில இருந்த காலை மெல்லத் தரையில இறக்கி வெச்சாங்க. அப்புறம் இன்னொரு காலை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க.