ஆளில்லாத மேட்டின் உறுப்பினர்

வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது விவசாயி ஆறுமுகம் போன் செய்தார். "டீச்சரம்மா போயிட்டாங்க சார்" என்றார். கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் என்னோடு வரலாறு நடத்திய சகுந்தலா மேடத்தை, ரிஷிவந்தியம் பக்கத்திலுள்ள அவர் ஊரில் எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் சொல்வார்கள். அன்று நான் நடத்தவிருந்த பாடம், இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் வந்த காரணங்கள். எங்கள் சண்டையே அந்தப் பாடத்தில்தான் ஆரம்பித்தது.

நான் நோட்ஸ் பார்ட்டி. ஆலைகள் வந்து புது ஊர்கள் பெருத்தன, பழைய தொகுதிகளில் ஆளே இல்லை, ரொட்டி விலை ஏறியது, வேலையற்றவர்கள் கலகம் செய்தார்கள், பக்கத்துப் பிரான்சில் ராஜாவே ஓடினார் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவேன். மேடம் விடமாட்டார். "இதெல்லாம் வெளிய நின்னவங்க காரணம் சார். பார்லிமென்ட் உள்ள உக்காந்துகினு இருந்தவன் எதுக்கு எடம் வுட்டான்? அத சொல்லுங்க" என்பார். பயம்தான் என்பேன். பயமென்றால் பட்டாளத்தை அனுப்பியிருப்பானே என்று மடக்குவார். வரலாறு படித்தவர் என்றால் உங்களுக்கும் வகுப்பில் இதே கேள்வி விழுந்திருக்கும்.

ஒரு பங்குனியில் அவர் ஊருக்குப் போயிருந்தேன். வாய்க்கால் ஓரமாக, மண் கொட்டி உயர்த்தி, தானே மனை பிரித்துக் கல் நட்டிருந்த மேட்டைக் காட்டினார். ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல்வயல். ஏரி மதகை என்று திறப்பது, யாருக்கு முதல் தண்ணீர் என்பதை முடிவு செய்யும் கமிட்டியில் அந்த வயலுக்கு ஓர் இடம் உண்டு. வயல் போயும் இடம் போகவில்லை, மகளுக்கு வந்தது. கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைத்த ஆறுமுகம் போன்றவர்களுக்கோ அங்கே வாயில்லை. தண்ணீர் குறைந்த வருஷங்களில் அவர்கள் கதிர்தான் முதலில் காயும். அந்தக் கால இங்கிலாந்தில் ஆடு மேயும் வெறும் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர், ஆலை நகரமான மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை என்று நாங்கள் நடத்துவோமே, அதேதான். "நாந்தான் சார் இந்த மேட்டு எம்.பி." என்று சிரித்தார்.

அந்த வருஷமே, பயிர் வைக்கிறவர்களுக்கும் இடம் வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார். குத்தகைக்காரன் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போய்விடுவான் என்று தள்ளிவிட்டார்கள். மேடம் அசரவில்லை. இங்கிலாந்திலும் முதல் மசோதா தோற்றதுதானே என்றார். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போய், மறுபடி கேட்டார். தன் இடத்தை ஆறுமுகத்துக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த கமிட்டித் தலைவர், யாரும் எதிர்பாராமல், சரி என்றார். வெளியே வந்ததும் மேடம் அவரைப் பிடித்துக்கொண்டு, ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று துருவினார்.

"கடமடக்காரன் எல்லாம் பெங்களூரு போயிட்டா, என் நெலத்துல நடவுக்கு யாரும்மா வருவா?" என்றார் அவர்.

மேடத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு நோட்ஸிலும் இல்லாத காரணம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சரி, நீங்கள் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "யோசிச்சுகினு இருக்கேன் சார்" என்றார். பிறகும் எத்தனையோ முறை கேட்டேன், அதே பதில்தான். எனக்குக் கோபம்கூட வந்தது.

மேடத்தின் உடலை எடுப்பதற்குச் சற்று முன்புதான் ஆறுமுகம் வந்து சேர்ந்தார். காலில் சேறு காயவில்லை. அன்று முறைத் தண்ணீர் கடைமடைக்கு. மடையைத் திருப்பிவிட்டு ஓடி வந்திருக்கிறார். மேடம் ஏன் இடம் கொடுத்தார் என்று அவரிடமும் கேட்டேன், அந்த நேரத்திலும் எனக்குப் புத்தி அப்படித்தான் போனது.

"நானும் கேட்டேன் சார். நீ நாத்து நட்டிருக்க, நான் கல்லு நட்டிருக்கேன், அவ்ளோதான்னாங்க."

என்னிடம் யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர், ஆறுமுகத்திடம் ஒரே வரியில் முடித்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும்.

மறுவாரம் அதே பாடத்தை எடுத்தேன். நோட்ஸை மூடி வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தவன் எதற்கு இடம் விட்டான் என்று கேட்டேன். பின்வரிசைப் பெண் எழுந்து, "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பதில்தான்.